இளம் போனிக்கு ஏற்ற சவாரிக்காரர்: ஷேரா, லோனா, பயிற்சிக்கூடமா?

இங்கிலாந்தில் பிள்ளைகளுக்குப் போனி (உயரம் குறைந்த இனக் குதிரை) வாங்கிய தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு வயதில் வாங்கிய குட்டிக்கு இப்போது நாலு வயது. இப்போதுதான் முதுகில் ஆள் ஏறப் பழகியிருக்கிறது. அன்றைக்குப் பதினோரு வயதாக இருந்த மகளுக்கு இப்போது பதின்மூன்று. நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். தங்கைக்கு ஏழுதான், அவள் ஏற இன்னும் மூன்று வருடமாவது ஆகும். அதுவரை போனி சும்மா நிற்கவும் கூடாது, போட்டிக்களம் என்றால் என்னவென்று பார்த்துப் பழகவும் வேண்டும். விற்க யாருக்கும் மனமில்லை. அப்படியானால் யாரை ஏற்றுவது? நம் லாயத்திலேயே வைத்து இன்னொருவரோடு பகிர்வதா (ஷேர்), வேறொரு குடும்பத்திடம் இரவலாகக் கொடுப்பதா (லோன்), பயிற்சிக்கூடத்துக்கு அனுப்புவதா?

தலைமுறை தலைமுறையாகக் குதிரை வைத்திருக்கும் ஆங்கிலேயக் குடும்பங்களில் இந்தக் கேள்வி கட்டுரை எழுதும் அளவுக்குப் போகாது. அத்தை வீட்டுப் பெண்ணோ, பக்கத்துப் பண்ணைப் பையனோ வந்து ஏறிவிடுவார்கள். நமக்கு அந்தப் பழக்கவட்டம் கிடையாது. அதனால் விளம்பரம் பார்த்து வரும் முதல் ஆளுக்கே தலையாட்டிவிடுகிறோம். இளம் போனி விஷயத்தில் அதுதான் ஆபத்து. பத்து வயதுப் போனிக்கு ஒரு மோசமான சவாரிக்காரர் வாய்த்தால் அது சகித்துக்கொள்ளும். நாலு வயதுப் போனியோ பார்ப்பதையெல்லாம் பாடமாக எடுத்துக்கொள்ளும்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசலாம். 13.2 கை உயரம் (13 கை 2 அங்குலம், ஏறத்தாழ 137 செ.மீ.; ஒரு கை என்பது நாலு அங்குலம்), சுமார் 300 கிலோ எடை, நாலு வயது, வெல்ஷ் அல்லது கனமாரா இனம். ஷோஜம்பிங்கில் (தடை தாண்டும் போட்டியில்) போனிகளை 128, 138, 148 செ.மீ. என்று மூன்று உயரப் பிரிவுகளாகப் பிரிப்பார்கள். இது நடுப்பிரிவில் சரியாக உட்காரும். நல்ல கையில் வளர்ந்தால் மதிப்பு ஏறும் போனி. அதனாலேயே ஆசைப்படுகிறவர்களும் அதிகம்.

எதை வைத்து அளப்பது

எடையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இதில் கணக்கு இருக்கிறது. சவாரிக்காரரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இங்கே பலரும் சொல்லும் வெளிவரம்பு. வளரும் குதிரைக்கு 15 விழுக்காட்டுக்குள் நிற்பது நல்லது. 2018இல், நியூமார்க்கெட்டில் அப்போது இயங்கிவந்த அனிமல் ஹெல்த் டிரஸ்ட் ஒரு சிறிய ஆய்வின் முடிவை வெளியிட்டது. ஆறு குதிரைகள்மேல் நான்கு வெவ்வேறு எடையுள்ளவர்களை ஏற்றிப் பார்த்தார்கள். கனமான இருவரும் ஏறிய சோதனைகளைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. பெரும்பாலும் குதிரை தற்காலிகமாக நொண்டியதுதான் காரணம். அந்த இருவரில் எடை குறைந்தவர்கூட குதிரை எடையில் 15 முதல் 18 விழுக்காட்டுக்குள்தான் இருந்தார். சேணம் சரியாகப் பொருந்தாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆனாலும் 20 விழுக்காடு வரை கவலையில்லை என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

நம் 300 கிலோ போனிக்கு 15 விழுக்காடு என்றால் 45 கிலோ. சேணம், அங்கவடி, கடிவாளம் எல்லாம் சேர்த்து ஆறேழு கிலோ போய்விடும். தலைக்கவசம், உடல் கவசம், பூட்ஸ் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று கிலோ. மிஞ்சுவது 35 அல்லது 36 கிலோ, அதாவது பத்துப் பதினோரு வயதுக் குழந்தை. 20 விழுக்காடு வரை போனால் 50 கிலோ ஆள். அந்த எடையில் வயது வந்தவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் அவர் லேசாகவும் சமநிலையோடும் உட்காரத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அரை மணி நேரத்துக்கு மேல் ஏறவும் கூடாது.

இரண்டாவது, எலும்பும் பல்லும். குதிரையின் எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் கீழிருந்து மேலாக மூடிக்கொண்டு வரும். கடைசியில் மூடுவது முதுகெலும்பு, அதற்கு ஐந்தரை, ஆறு வயதாகிவிடும். நாம் சேணம் போடும் இடமே கடைசியில்தான் முதிர்கிறது. அதே காலத்தில் வாயிலும் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வருகின்றன. ஐந்து வயதில்தான் வாய் நிறைகிறது. நேற்று வரை கடிவாளத்தை ஏற்றுக்கொண்ட போனி இன்று தலையை உதறினால் அது முரண்டாக இருக்க வேண்டியதில்லை, ஈறு வலியாக இருக்கலாம். அப்படி நினைத்துப் பார்த்து இறங்குகிறவர் வேண்டும். மூக்குப்பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்குகிறவர் வேண்டாம்.

மூன்றாவது, அவசரம். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விட இதுதான் பெரியது. போனிக்கு ஒரு நாட்காட்டி, குழந்தைக்கு வேறு நாட்காட்டி. பன்னிரண்டு வயது முடியப்போகிற பெண்ணுக்கு இந்த 138 பிரிவில் மிஞ்சியிருப்பது இரண்டு பருவமோ மூன்றோ. அதற்குள் கால் நீண்டுவிடும். இயல்பாகவே இந்தக் கோடையிலேயே தகுதிச்சுற்று, அக்டோபரில் பர்மிங்காமில் ஹார்ஸ் ஆஃப் தி இயர் ஷோ என்று கனவு காண்பாள். அதில் தவறே இல்லை. ஆனால் நாலு வயதுப் போனி அவளுடைய கனவுக்கான வாகனம் அல்ல. ஒன்பது, பத்து வயதில் நன்றாக ஏறும் குழந்தை, மூன்று வருடம் கையில் இருக்கும் குழந்தை, அவளைவிடக் கொஞ்சம் திறமை குறைந்தவளாக இருந்தாலும் மேல்.

மற்றவை: முன்பு இளம் குதிரை ஏறிய அனுபவம், கற்றுக்கொடுப்பவர் யார், வீட்டுக்கும் லாயத்துக்கும் தூரம், பணம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி: "இன்றைக்கு வேண்டாம், திரும்பிப் போகலாம்" என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கப்போகிறது? கீழே உள்ள நான்கு வழிகளையும் நான் அதை வைத்துத்தான் நிறுத்துப் பார்க்கிறேன்.

ஒரே பார்வையில்

| வழி | போனி இருக்குமிடம் | "வேண்டாம்" சொல்லும் அதிகாரம் | கைச்செலவு | மறைந்த செலவு | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| குழந்தையோடு ஷேர் | உங்கள் லாயம் | உங்களிடம் | பாதி குறையும் | உங்கள் வார இறுதிகள், மேற்பார்வை | நீங்களோ உங்கள் ஆசிரியரோ அருகில் இருந்தால் |
| முழு லோன் | அவர்கள் இடம் | நடைமுறையில் அவர்களிடம் | ஏறத்தாழ இல்லை | கெட்ட பழக்கத்தோடு திரும்பி வரும் அபாயம் | போனி 6 வயதைத் தாண்டியபின் |
| பயிற்சிக்கூடம் | அவர்கள் இடம் | அவர்களிடம், பேசி வைத்தால் உங்களிடமும் | மிக அதிகம் | நுழைவுக் கட்டணம், போக்குவரத்து, விற்பனைத் தரகு | குறுகிய காலம், தெளிவான இலக்கு |
| எடை குறைந்த பெரியவர் | உங்கள் லாயம் | பகிர்ந்தது | சிறிதளவு குறையும் | போனிப் போட்டிகளில் வாய்ப்புக் குறைவு | முதல் ஒரு வருட அடித்தளத்துக்கு |

வழி 1: இன்னொரு குழந்தையோடு ஷேர்

போனி உங்கள் லாயத்திலேயே இருக்கும். அந்தக் குழந்தை வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து ஏறும், சாணம் அள்ளும், துலக்கும், மாதம் ஒரு தொகை தரும். போட்டிக்கும் அதுவே ஏறும். உங்கள் கண்முன்னே நடப்பதுதான் இதன் பலம். தவறு நடந்தால் அன்றே தெரியும், அந்த வாரமே திருத்தலாம்.

நல்ல குழந்தை கிடைக்கும் இடம் உள்ளூர் போனி கிளப் கிளைதான். பிள்ளைகளுக்குச் சவாரி கற்றுத்தர 1929இல் தொடங்கிய அமைப்பு, நாடு முழுக்கக் கிளைகள் உண்டு. கிளையை நடத்தும் டிஸ்ட்ரிக்ட் கமிஷனருக்கு எந்தக் குழந்தை போனியை விட்டு வளர்ந்துவிட்டது, எந்தக் குழந்தைக்குச் சொந்தப் போனி இல்லை, யாருடைய அம்மா வேலிக்கு வெளியே நின்று கத்துவார் என்பதெல்லாம் தெரியும். நேரே போய்ப் பேசுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்கும் இது தேவைதான். சொந்தப் போனி இல்லாத பிள்ளைகளுக்காகச் சவாரிப் பள்ளிகளிலும் போனி கிளப் மையங்கள் இயங்குகின்றன. அங்கே வாரா வாரம் வேறு வேறு போனியில் ஏறிப் பழகிய பிள்ளைகள் கிடைப்பார்கள். ஒரே ஒரு பழகிய போனியில் கோப்பைகள் வாங்கிய குழந்தையை விட, பத்துப் போனிகளில் ஏறி விழுந்து எழுந்த குழந்தைக்கு இளம் போனி அதிகம் பிடிபடும் என்பது என் எண்ணம்.

போனி கிளப் நிகழ்ச்சிகளுக்கு நாலு வயது நிறைந்த போனிகளைத்தான் சேர்ப்பார்கள். பிறந்த மாதம் எதுவானாலும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடியதாகத்தான் கணக்கு. ஜூன் மாதம் பிறந்த போனி காகிதத்தில் நாலு ஆகிவிட்டாலும் ஜனவரியில் உடம்புக்கு மூன்றரைதான் என்பதை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மறைந்த செலவு உங்கள் நேரம். பதினோரு வயதுக் குழந்தையை நாலு வயதுப் போனியோடு தனியே விட முடியாது. ஒவ்வொரு முறையும் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அந்தப் பெற்றோர் சொன்னாலும், அவர்களுக்குக் குதிரை தெரியுமா என்று பாருங்கள். வாரம் ஒரு பாடம் கட்டாயம், அதுவும் நீங்கள் தேர்ந்தெடுத்த ஆசிரியரிடம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பாடத்துக்கு நீங்களே பாதிப் பணம் கொடுத்தாலும் நட்டமில்லை.

இன்னொன்று, உங்கள் சொந்த மகள். தன் போனியில் வேறொரு குழந்தை ரோசெட் (பரிசு ரிப்பன்) வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பதின்மூன்று வயதில் லேசு இல்லை. அவளுக்கும் ஒரு பொறுப்பு கொடுங்கள்: தரையில் நடத்திப் பழக்குவது, நீண்ட வாரில் ஓட்டுவது, போட்டி நாளில் சடை பின்னித் தயார் செய்வது. இளம் போனிக்கு முதுகில் ஆள் இல்லாத வேலையே பாதிப் படிப்பு. அதை அவள் செய்யலாம்.

வழி 2: முழு லோன்

போனி அந்தக் குடும்பத்தின் இடத்துக்குப் போய்விடும். லாயம், தீவனம், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடம் அடிப்பவர், மருத்துவர், காப்பீடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. உடைமை மட்டும் உங்களுடையது. செலவைப் பார்த்தால் இதைவிட நல்ல வழி இல்லை. அதனால்தான் பலர் இதை முதலில் நினைக்கிறார்கள்.

நாலு வயதுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். போனி கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போனதும், நிறுத்தும் அதிகாரம் காகிதத்தில் உங்களிடமும் நடைமுறையில் அவர்களிடமும் இருக்கும். மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கும்போது போனி பளபளவென்று இருக்கும், எல்லோரும் சிரித்த முகத்தோடு இருப்பார்கள். போன வாரம் ஒரே நாளில் நான்கு சுற்று குதிக்க வைத்ததும், ஐந்தாவதில் போனி நின்றுவிட்டதும் உங்களுக்குத் தெரியாது. வசந்தப் புல்லில் விட்டுக் கொழுக்கவைத்து, குளம்பு அழற்சி வந்தபின் தொலைபேசி வரும். வெல்ஷ், கனமாரா போன்ற இனங்கள் மலைப்புல்லில் பிழைத்தவை. கொழுத்த புல் அவற்றுக்கு நஞ்சு என்பது போனி வைத்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

லோனுக்குப் போன குதிரை உரிமையாளருக்குத் தெரியாமல் கைமாறுவதும் இந்த நாட்டில் நடக்கிறது. குதிரையின் பாஸ்போர்ட் (அடையாள ஆவணம்) உடைமைச் சான்று அல்ல என்றாலும், வாங்குகிறவர் பலர் அதைத்தான் பார்க்கிறார்கள். சட்டப்படி பாஸ்போர்ட் குதிரை இருக்குமிடத்தில்தான் இருக்க வேண்டும், ஆகவே அதைக் கொடுக்காமல் இருக்கவும் முடியாது. விற்பனை ரசீது, மைக்ரோசிப் எண், நாலு பக்கத்துப் புகைப்படம், கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆகியவற்றை நீங்கள் பத்திரமாக வைத்திருங்கள். 2020 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் எல்லாக் குதிரைகளுக்கும் மைக்ரோசிப் கட்டாயம். பதிவில் உங்கள் முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

லோன் பொருந்தும் நேரமும் உண்டு. போனிக்கு ஆறு வயதாகி, இரண்டு பருவம் போட்டிகளைப் பார்த்து, இன்ன மாதிரிப் போனி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பிறகு, ஒரு மணி நேரப் பயணத்துக்குள், உங்கள் போனி கிளப் கிளைக்கே தெரிந்த குடும்பத்துக்குக் கொடுக்கலாம். வெளிநாட்டு வேலை, பிரசவம், உடல்நலக் குறைவு என்று நீங்கள் ஒரு வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையிலும் இதுவே வழி. அனுப்பும் முன் மருத்துவரை வரவழைத்துப் பரிசோதித்து அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது யார் பக்கம் நியாயம் என்ற சண்டை வராது.

வழி 3: பயிற்சிக்கூடமும் அவர்களின் சவாரிக்காரரும்

இளம் போனிகளைப் பழக்கிப் போட்டிக்கு ஏற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களை இங்கே புரொடியூசர் என்பார்கள். அவர்களிடம் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ற பிள்ளைகள் இருப்பார்கள், பல நேரம் அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளே. நாலு வயதுப் போனி முதல் முறை கூடாரம், ஒலிபெருக்கி, கொடி, கைதட்டல் எல்லாவற்றையும் பார்க்கும்போது மேலே இருப்பவர் இதை ஐம்பது முறை பார்த்தவராக இருப்பது பெரிய விஷயம். ஆறு வாரத்தில் நாம் வீட்டில் ஒரு வருடத்தில் செய்வதைச் செய்துவிடுவார்கள்.

செலவுதான் தடை. வாரக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். போட்டி நுழைவு, லாரிப் பயணம், அங்கே ஒரு நாள் லாயம், சடை பின்னுவது, புதிய சேணம், லாடம், சில இடங்களில் பரிசுத்தொகையில் பங்கு, விற்றால் தரகு என்று அடுக்கிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். இது அவர்கள் தொழில், கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்கள். தவறாக நினைக்கிறவரிடம் போனியை விட வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விலை உண்டு. கைதேர்ந்தவர் ஏறிப் பழக்கிய போனி நுணுக்கமான சைகைகளுக்குப் பதில் சொல்லப் பழகிவிடும். அப்புறம் உங்கள் சின்ன மகள் ஏறி, தெரியாமல் காலை அழுத்தினால் அது ஓடும். குற்றம் இருவர் மேலும் இல்லை. ஆகவே அங்கே அனுப்பினால், கடைசி இரண்டு வாரம் உங்கள் வீட்டுச் சவாரிக்காரர் அங்கேயே போய்ப் பாடம் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். ஒரு பருவம் முழுக்க விடுவதைவிட, "ஆறு வாரம், மூன்று சிறிய போட்டி, ஒன்றில் குதிக்கவே வேண்டாம், போய்ச் சுற்றிப் பார்த்து வந்தால் போதும்" என்று குறுகிய இலக்கு வைப்பது நல்லது.

வழி 4: எடை குறைந்த வயது வந்தவர்

இதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. 48, 50 கிலோ எடையுள்ள, பல வருடம் குதிரை ஏறிய, இப்போது சொந்தக் குதிரை வைக்க வசதியில்லாத பெண்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். கல்லூரி மாணவியாக இருக்கலாம், குழந்தைகள் பள்ளிக்குப் போனபின் காலை நேரம் இருக்கிற அம்மாவாக இருக்கலாம். தனியே பொறுப்பாக வருவார், மேற்பார்வை தேவையில்லை, ரோசெட் மீது பசி இல்லை. சாலையில் நடத்திப் பழக்க இவரே சரியான ஆள். 2022 ஜனவரியில் திருத்திய நெடுஞ்சாலை விதிகள் குதிரையைக் கடக்கும் வாகனம் மணிக்கு 10 மைலுக்கு மிகாமல், 2 மீட்டர் இடைவெளி விட்டுப் போக வேண்டும் என்கின்றன. எல்லோரும் அப்படிப் போவதில்லை என்பதால் இளம் போனியைச் சாலைக்குக் கொண்டுபோகிறவர் பதற்றப்படாத பெரியவராக இருக்க வேண்டும்.

குறை என்னவென்றால் போட்டி. பிரிட்டிஷ் ஷோஜம்பிங் என்ற அமைப்பின் போனிப் பிரிவுகளில் சவாரிக்காரருக்கு வயது வரம்பு உண்டு. பெரியவர் ஏற முடியாது. ஆனால் கதவு முழுக்க மூடவில்லை. வெல்ஷ், கனமாரா, நியூ ஃபாரஸ்ட் போன்ற பிரிட்டிஷ், ஐரிஷ் மலை இனங்களுக்கான காட்சிப் பிரிவுகளில் பெரியவர்கள் ஏறுவது வழக்கம்தான். பதிவு தேவையில்லாத உள்ளூர் போட்டிகளிலும், டிரெஸாஜிலும் (நடைப் பயிற்சியை மதிப்பிடும் போட்டியிலும்) இடம் கிடைக்கும். போகும் முன் அந்தந்த விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள். 12.2 கைக்குக் கீழான சிறிய போனி என்றால் இந்த வழியே கிடையாது, எடைக்கணக்கு ஒத்துவராது.

என் தேர்வு

நம் உதாரணப் போனிக்கு நாலாவது வழியையும் முதல் வழியையும் சேர்ப்பேன். முதல் ஆறு மாதம் வாரத்தில் மூன்று நாள் பெரியவர் ஏறட்டும். குழந்தை ஒரு நாள் பாடத்துக்கு மட்டும் ஏறட்டும். அடுத்த பருவத்தில் அந்த விகிதத்தை மாற்றி, போட்டியைக் குழந்தையிடம் விடுங்கள். இருவருக்கும் ஒரே ஆசிரியர் இருப்பது நிபந்தனை. இரண்டு விதக் கை, இரண்டு விதக் கட்டளை என்றால் போனி குழம்பிவிடும். வாரத்தில் நாலு நாளுக்கு மேல் வேலை வேண்டாம். மற்ற நாள் புல்வெளி.

பணம் இருந்து, நேரம் இல்லாதவர்களுக்கு ஆறு வாரப் பயிற்சிக்கூடம், பிறகு ஷேர். இரண்டும் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: குளிர்காலம் முழுக்கப் போனியை மேய்ச்சலுக்கு விட்டுவிட்டு வசந்தத்தில் மறுபடி தொடங்குவது. நாலு வயதில் ஆறு மாதம் ஓய்வெடுத்த போனி எதையும் இழப்பதில்லை. உடம்பு வளர்ந்து திரும்பி வரும்.

ஏற்றிப் பார்க்கும் நாள்

விளம்பரத்தில் உண்மையை எழுதுங்கள். "அமைதியான போனி" என்று போட்டால் பயந்த குழந்தைகள் வருவார்கள். "நாலு வயது, இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது, குப்பைத்தொட்டியைக் கண்டால் பயம், எடை வரம்பு 36 கிலோ, வாராவாரம் பாடம் கட்டாயம்" என்று போட்டால் வருவது நாலு பேர்தான். ஆனால் அந்த நாலு பேரும் பார்க்கத் தகுந்தவர்கள்.

வந்தவர் முன்னால் முதலில் வேறொருவர் ஏறிக் காட்டட்டும். ஏற ஆள் இல்லையென்றால் நீண்ட வாரில் ஓட்டிக் காட்டுங்கள். பிறகு அந்தக் குழந்தை என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். "எவ்வளவு உயரம் குதிக்கும்?" என்பது முதல் கேள்வியாக இருந்தால் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். "எங்கே தொட்டால் இதற்குப் பிடிக்கும்?" என்று கேட்டால் அதையும். ஏறும் முன் வயிற்றுப்பட்டையைத் தானே சரிபார்க்கிறதா? போனி மிரண்டால் கை மேலே போகிறதா, கீழே இறங்கித் தளர்கிறதா? போனி தவறான காலில் கேண்டர் (மெதுவான பாய்ச்சல் ஓட்டம்) எடுத்தால் குழந்தை கோபப்படுகிறதா, டிராட்டுக்கு (துள்ளு நடைக்கு) வந்து மறுபடி கேட்கிறதா? நன்றாகச் செய்தபின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து வாரைத் தளர்த்தி நடக்கவிடுகிறதா? நடுவில் நீங்களே "போதும், இறங்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். குழந்தை உடனே இறங்கினால் நல்லது. பெற்றோர் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றால், எனக்கு அங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

ஒரே நாளில் முடிவு சொல்லாதீர்கள். வேறொரு நாள், காற்றடிக்கும் நாளாகப் பார்த்து, மறுபடி வரச் சொல்லுங்கள். அதன் பிறகும் ஒரு மாதம் வெள்ளோட்டம்.

எழுத்தும் காப்பீடும்

எழுதி வாங்கினால் உறவு கெடும் என்ற தயக்கம் நம்மிடம் அதிகம். இங்கே எழுதாததால்தான் கெடும். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி மாதிரி ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அதை எடுத்து, உங்களுக்கு வேண்டியதைச் சேருங்கள்: எந்தெந்த நாட்கள், மாதத்தொகை, மருத்துவச் செலவு யாருடையது, விலகுவதற்கு எத்தனை வார அறிவிப்பு, உங்கள் அனுமதி இல்லாமல் கடிவாளத்தையோ சேணத்தையோ மாற்றக் கூடாது, வேறு யாரையும் ஏற்றக் கூடாது, மாதம் எத்தனை போட்டி, அதிகபட்ச உயரம் என்ன. போட்டி நாளில் இறுதி முடிவு உரிமையாளருடையது என்ற ஒரு வரி கட்டாயம். இளம் போனியின் உடம்பு மாறிக்கொண்டே இருப்பதால் சேணம் பொருத்துபவரை வரவழைக்கும் செலவை எப்படிப் பங்கிடுவது என்பதையும் எழுதுங்கள். அந்தச் செலவு அடிக்கடி வரும்.

பணத்தில் ஒரு எச்சரிக்கை. செலவில் பங்கு வாங்குவது வேறு, ஏறுவதற்குக் கட்டணம் வாங்கித் தொழிலாக நடத்துவது வேறு. இரண்டாவதற்கு 2018இன் இங்கிலாந்து விதிகளின்படி உள்ளூர் மன்றத்தின் உரிமம் தேவை. வாங்கும் தொகை உண்மையான செலவில் பங்காகவே இருக்கட்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் குதிரையை வைத்திருப்பவர்மேல் கடும் பொறுப்பு வைக்கிறது. கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பு வரக்கூடும். 2003இல், அப்போது நாட்டின் மேல் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஒரு வழக்கில், எதற்கோ மிரண்டு வயலை விட்டு நெடுஞ்சாலைக்கு ஓடிய குதிரைகளில் ஒன்று ஒரு காரோடு மோதியது. உரிமையாளர்கள் கவனக்குறைவாக இருக்கவில்லை, ஆனாலும் இழப்பீட்டுக்குப் பொறுப்பானார்கள். போனி 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பெயரில் இருந்தால் அந்தப் பொறுப்பு குடும்பத் தலைவருக்கும் வரும். ஆகவே மூன்றாம் நபர் காப்பீடு உங்களுக்கும் வேண்டும், ஏறுகிறவர் குடும்பத்துக்கும் வேண்டும். ஹார்ஸ் சொசைட்டியின் கோல்டு உறுப்பினர் திட்டத்தில் அது சேர்ந்தே வருகிறது. உங்கள் போனிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்னொருவர் ஏறுகிறார், போட்டிக்குப் போகிறார் என்று எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்கிவையுங்கள்.

கடைசியாகப் போனிக்கான ஃப்ளூ தடுப்பூசி. முதல் இரண்டு ஊசி, பிறகு சில மாதம் கழித்து மூன்றாவது, அப்புறம் குறைந்தது ஆண்டுதோறும். ஒரு தேதி தவறினாலும் பல போட்டிகளில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், தொடரை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சவாரிக்காரரைத் தேடத் தொடங்கும் வாரத்திலேயே பாஸ்போர்ட்டைத் திறந்து தேதிகளைப் பார்த்துவிடுங்கள்.